அத்தியாயம் 5: பழைய ஸ்கூட்டரும் புதிய எஜமானரும்

புதிய வண்டி வாங்கும் அளவுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமலும், கடன்பட்டு மாதந்தோறும் தவணை கட்டத் துணிவில்லாமலும், நிழலற்ற பஸ் நிறுத்தத்தில் நாள்தோறும் நின்று அலுத்துப்போனவராகவும் நீங்கள் இருப்பீர்களானால், இந்த அத்தியாயம் உங்களை உத்தேசித்தே எழுதப்பட்டது. குறைந்த விலையில் பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்து வாங்குவது, அதை ஓரளவு தம் கையாலேயே பழுதுபார்ப்பது, பின்பு தம் ரசனைக்கேற்ப அழகுசெய்வது என்ற மூன்று காரியங்களையும் திருப்புளி பிடித்தறியாத ஒருவர் நிதானமாகச் செய்து முடிக்கலாம். யந்திர சாஸ்திரம் வேண்டியதில்லை. வரிசை தவறாமை ஒன்றே வேண்டும்.

வரிசை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் முதல் வண்டியை நான் நிறத்தைப் பார்த்து வாங்கினேன். மாதுளம்பழ நிறம், மெருகிட்ட உடல், புத்தம்புதுச் சீட்டு உறை. போதாக்குறைக்கு, வாங்கிய மறுநாளே பல குரல்களில் பாடும் ஹாரன் ஒன்றையும் பொருத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை, மேம்பாலத்தின் இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளையும் ஒருசேரப் பிடித்தும், வண்டி தன் போக்கிலே உருண்டு சென்று, காய்கறிக் கூடைகளைச் சுமந்து நின்ற மீன்பாடி வண்டியொன்றின் பின்பலகையில் முட்டிய பிறகே நின்றது. சிதறிய கத்தரிக்காய்களை என்னுடன் சேர்ந்து பொறுக்கிய வண்டிக்காரர், கோபமே இல்லாமல், "ஹாரன் நல்லா கேக்குது சார், பிரேக்குதான் கேக்கல" என்றார்.

அன்றுமுதல் நான் கைக்கொண்ட விதி இது: வண்டி முதலில் நிற்க வேண்டும், அடுத்து ஓட வேண்டும், இவ்விரண்டும் கைகூடிய பின்பே மின்ன வேண்டும். பணத்தையும் உழைப்பையும் இந்த வரிசையிலேயே செலவிடுங்கள்.

## எந்த வண்டியைத் தேடுவது?

1972-இல் வெளிவந்த பஜாஜ் சேட்டக்கின்மேல், அதைச் சரித்துப் பிடித்து உதைத்துக் கிளப்பிய தந்தையாரின் ஞாபகத்தால், பலருக்கும் ஒரு மோகம் உண்டு. அந்த மோகத்தை இரண்டாவது வண்டிக்கு ஒத்திவையுங்கள். முதல் வண்டி, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைப்பதாகவும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடியதாகவும் இருப்பதே உத்தமம். ஹோண்டா ஆக்டிவா, டி.வி.எஸ். ஜூபிடர் போன்ற 110 சி.சி. வகையைச் சேர்ந்த கியரில்லாத ஸ்கூட்டர்கள் இந்த லட்சணம் பொருந்தியவை. உடல் மெலிந்தவர்களுக்கு ஸ்கூட்டி பெப் பிளஸ் இன்னும் இலகுவானது.

2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தபோது, இவ்வகை வண்டிகளில் கார்புரேட்டர் போய் எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் அமைப்பு வந்தது. தம் கையால் பழகிக்கொள்ள விரும்புகிறவருக்கு அதற்கு முந்திய கார்புரேட்டர் வண்டியே ஏற்றது, விலையும் குறைவு. ஆனால் தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதையும், அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும், அப்போது தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும் என்பதையும் மறவாதீர்கள். பதினான்காம் வயதில் இருக்கும் வண்டியை ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், அந்த மலிவுக்கு ஒரு காரணம் பெரும்பாலும் இதுதான்.

குறிப்பு: கையிலுள்ள பணத்தில் நான்கில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று தனியே எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தையே விலையாகப் பேசுங்கள். 40,000 ரூபாய் இருந்தால், உங்கள் மனத்தில் உள்ள விலை 30,000 ரூபாயே. தனியே வைத்த பணத்திலிருந்து வாங்கவேண்டிய முதல் பொருள், ஐ.எஸ். 4151 முத்திரையுள்ள தலைக்கவசம்.

## காகிதங்களை முதலில் பாருங்கள்

வண்டியைத் தொடுவதற்குமுன் அதன் காகிதங்களைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுகிறவர்கள் பிற்பாடு மாதக்கணக்கில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படியேறுகிறார்கள்.

1. பதிவுச் சான்றின் அசலைக் கேளுங்கள். விற்கிறவரின் பெயரும் அதிலுள்ள பெயரும் ஒன்றா என்று அடையாள அட்டையுடன் ஒப்பிடுங்கள். "அண்ணன் வண்டி, அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்ற விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் கையெழுத்து அண்ணனுடையதாக இருக்க வேண்டும்.
2. சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணிருக்கும் இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ புதுவர்ணம் பூசப்பட்டிருந்தாலோ, பேச்சை அத்துடன் முடித்துக்கொண்டு நன்றி கூறி வெளியேறுங்கள்.
3. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து, கடன் குறிப்பு, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கட்டாத அபராதம் ஆகியவற்றைப் பாருங்கள்.
4. சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் அடைந்ததற்கான தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.
5. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பம் பெறுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் கைமாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.
6. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

சாதாரணமாக நேரும் பிழை: பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகையால் இந்த விஷயத்தில் விற்கிறவருக்கு உங்களைவிட அதிக அக்கறை இருக்க வேண்டும்; இல்லையென்றால், ஏன் இல்லை என்று யோசியுங்கள்.

## வண்டியைப் பரீட்சித்தல்

காலை வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்திக்கருக்கலில் எல்லா வர்ணமும் நல்ல வர்ணமே. சூடாக இருக்கையில் எல்லா எஞ்சினும் முதல் உதையிலேயே கிளம்பும். நீங்கள் போய்ச் சேருமுன் வண்டி சூடாக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய, சைலன்சரைத் தொடாமல், அதன் அருகே புறங்கையை நீட்டிப் பாருங்கள்.

1. பின்னால் நின்று பாருங்கள். பத்தடி பின்னால் போய்க் குனிந்து நோக்கினால் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்சக்கரம் ஒருபுறம் ஒதுங்கித் தெரிந்தால் வண்டி எங்கோ பலமாக இடிபட்டிருக்கிறது.
2. கைப்பிடியைத் திருப்புங்கள். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்புறம் அழுத்தச் சொல்லி, முன்சக்கரத்தை அந்தரத்தில் எழுப்பி, கைப்பிடியை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் தடைபட்டால் பால்ரேஸ் தேய்ந்துவிட்டது என்பது பொருள்.
3. சக்கரத்தை ஆட்டுங்கள். மேலும் கீழும் பிடித்து அசைக்கையில் 'கடக்' என்ற ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும்.
4. டயரைப் படியுங்கள். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும், வெடிப்பு விழுந்த பழைய டயருக்கு மதிப்பில்லை.
5. பிரேக்கைப் பிடியுங்கள். பிடி கைப்பிடியைத் தொட்டுவிடக்கூடாது. விட்டவுடன் தானே திரும்ப வேண்டும்.
6. எண்ணெய்யைப் பாருங்கள். ஆயில் குச்சியில் எண்ணெய் கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் கலந்த காப்பிபோல் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது.
7. கிளப்பிக் கேளுங்கள். பட்டனாலும் கிக்கராலும் தனித்தனியே கிளப்பிப் பாருங்கள். குளிர்காலைகளில் தொடக்கத்தில் தோன்றி மறையும் வெண்ணிற ஆவி வெறும் ஈரம். நீலம் கலந்த புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் எண்ணெய்யை எரிக்கிறது. பழுதுக்கென ஒதுக்கிய பணம் அதற்குப் போதாது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் கலக்கிறது. அது சிறு பிணி.
8. ஓட்டிப் பாருங்கள். தலைக்கவசத்துடன், போக்குவரத்தில்லாத தெருவில். புறப்படும்போது வண்டி உதறினால் கிளட்ச்சையும், முறுக்கிய அளவுக்கு வேகம் வராவிட்டால் பெல்ட்டையும் ரோலர்களையும் சந்தேகியுங்கள்.

சென்னை வாசகர்களுக்கு: 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எண்ணற்ற இருசக்கர வண்டிகள் நீரில் மூழ்கின. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். கால்வைக்கும் இடத்து மிதியடியைத் தூக்கியும், சீட்டுக்கு அடியிலுள்ள மூலைகளில் விரலை விட்டும், முன்விளக்கின் டூமுக்குள் உற்றுநோக்கியும் வண்டல் கோடு தென்படுகிறதா என்று பாருங்கள். கழுவியவர் கை எட்டாத இடத்தில் வெள்ளம் தன் கையெழுத்தை விட்டுச் சென்றிருக்கும்.

## உபகரணங்களும் பாதுகாப்பும்

வீட்டில் இருக்கவேண்டியவை: ரிங் ஸ்பேனர் தொகுதி ஒன்று, ஸ்டார் முனையும் தட்டை முனையுமாக இரு திருப்புளிகள், குறடு, பிளக் ஸ்பேனர், காற்றழுத்தமானி, இடைவெளி அளக்கும் கேஜ், பழைய எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு, வெற்றுத் தீப்பெட்டிகள் பத்து. தீப்பெட்டி எதற்கென்றால், கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் திருகுகளையும் தனித்தனியே போட்டு மேலே பெயர் எழுதிவைக்க. எல்லாத் திருகுகளையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டு, மாட்டி முடித்தபின் மிஞ்சிய மூன்றைப் பார்த்துத் திகைப்பது புதிதாகப் பழகுகிறவர் அனைவருக்கும் நேரும் சங்கடம்.

கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை:

- மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது உயிரையே வாங்கும்.
- பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. பெட்ரோலில் கை கழுவும் வழக்கத்தையும் விட்டொழியுங்கள்.
- மின்சாரப் பகுதியில் கைவைக்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.
- பிரேக் டிரம்மிலுள்ள தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும்.

## முதல் வேலை: நிற்கச் செய்தல்

வாங்கிய வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்தபின், வேறெதிலும் மனத்தைச் செலுத்தாமல் பிரேக்குக்கு வாருங்கள். பின்பக்க டிரம் பிரேக்கைச் சரிசெய்யும் முறை இது:

1. சமதரையில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள்.
2. இடதுகைப் பிடியின் நுனியை லேசாக இழுத்து, பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் எவ்வளவு வெறுமனே நகர்கிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். 10 முதல் 20 மில்லிமீட்டர் சரியான அளவு.
3. பின்சக்கரத்தருகே கேபிளின் முடிவிலுள்ள நட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாக வலப்புறம் திருகினால் இந்தத் தளர்வு குறையும். ஒவ்வொரு முறையும் நட்டின் வளைந்த பள்ளம் குறுக்குக் கம்பியின்மேல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அமராவிட்டால் ஓட்டத்தில் தானே தளர்ந்துவிடும்.
4. பிடியைப் பலமுறை அழுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். உரசாமல் சுழல வேண்டும்.
5. பிடியை முழுவதும் அழுத்துகையில் பிரேக் கையிலுள்ள அம்புக்குறி டிரம்மிலுள்ள அடையாளத்தைத் தொட்டால், ஷூ தேய்ந்துவிட்டது. சரிசெய்வதில் பயனில்லை, மாற்றுங்கள்.
6. நடக்கும் வேகத்தில் உருட்டிப் பிடித்துப் பார்த்த பிறகே தெருவுக்குச் செல்லுங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிந்திய ஸ்கூட்டர்களில் இடதுகைப் பிடியை அழுத்தினால் இரு சக்கரங்களும் சேர்ந்தே பிடிபடும் அமைப்பு இருக்கும். அதன் சமநிலை நுட்பமானது. முதல் தடவை தேர்ந்த மெக்கானிக் செய்வதை அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு அடுத்தது டயர். காற்றழுத்தத்தைக் காலை வேளையில், டயர் குளிர்ந்திருக்கையில் பாருங்கள். ஆக்டிவாவுக்கு முன்சக்கரம் 22 பி.எஸ்.ஐ., பின்சக்கரம் ஒருவர் சென்றால் 29, இருவர் சென்றால் 36. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பாருங்கள். "முன்னே முப்பது பின்னே நாப்பது" என்று எல்லா வண்டிக்கும் ஒரே மந்திரத்தை ஓதும் கடைக்காரரிடம் அளவை நீங்களே சொல்லுங்கள்.

## இரண்டாம் வேலை: ஓடச் செய்தல்

### எஞ்சின் ஆயில் மாற்றுதல்

முந்திய உரிமையாளர் "போன வாரம்தான் மாற்றினேன்" என்று சத்தியம் செய்திருந்தாலும், ஆயிலை மாற்றி உங்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு 10டபிள்யூ-30 தரத்தில் ஜாஸோ 'எம்.பி.' என்று குறித்த ஆயிலை வாங்குங்கள், 'எம்.ஏ.' என்பது கிளட்ச் எண்ணெய்யில் நனைந்து இயங்கும் மோட்டார் சைக்கிள்களுக்குரியது.

1. எஞ்சினை இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடியும்.
2. மேல்மூடியைத் திறந்து, அடியில் தட்டை வைத்து, எஞ்சினின் அடிப்புறத்து வடிகால் போல்ட்டைக் கழற்றுங்கள்.
3. முழுவதும் வடிந்தபின் புதிய வாஷரிட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே திருகுங்கள். அலுமினிய மரை மென்மையானது. பலத்தைக் காட்டினால் வழுக்கிவிடும், அதன் செலவு ஆயிலைப்போல் பல மடங்கு.
4. கையேட்டில் குறித்த அளவை அளந்து ஊற்றுங்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றுக்கு அது 700 முதல் 800 மில்லிக்குள் அடங்கும்.
5. சற்று ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிஷம் பொறுத்து, குச்சியில் அளவைச் சரிபாருங்கள்.
6. பழைய எண்ணெய்யைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சாதாரணமாக நேரும் பிழை: பின்சக்கரத்தை ஒட்டி, கியர் ஆயிலுக்கென்று வேறொரு வடிகால் போல்ட் உண்டு. அதைத் தவறுதலாகக் கழற்றி, வடிந்த சிறிதளவு எண்ணெய்யைக் கண்டு "அநியாயமாக எரித்திருக்கிறதே" என்று முந்திய உரிமையாளரைச் சபித்துவிட்டு, ஏற்கெனவே எண்ணெய் நிறைந்த எஞ்சினில் இன்னொரு பங்கை ஊற்றுகிறவர்கள் அநேகர். அதன் பலனாக எஞ்சினில் எண்ணெய் பொங்கும்; கியர் பெட்டியோ வறண்டு அரைபடும்.

### ஸ்பார்க் பிளக்

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். துடையாமல் கழற்றினால் மண் உள்ளே விழும். முனையின் நிறம் எஞ்சினின் நாடியைப் போன்றது. இளம்பழுப்பு ஆரோக்கியம்; உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு; வெளுப்பு, பெட்ரோல் குறைவு; எண்ணெய்ப் பிசுக்கு, ரிங்குகளோ வால்வு சீலோ தேய்வு. இடைவெளி கையேட்டில் கண்டபடி இருக்கட்டும். பலவற்றில் அது 0.7 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் அமையும். திரும்ப மாட்டும்போது விரலால் இறுதிவரை திருகியபின், புதிய பிளக்கானால் ஸ்பேனரால் அரைச்சுற்று, பழையதானால் எட்டில் ஒரு பங்கு சுற்று போதும்.

### காற்று வடிகட்டி

நுரைப்பஞ்சு வகையானால் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கையேடு சொன்னால் சிறிது எண்ணெய் தடவி மாட்டலாம். எண்ணெய் தோய்ந்த காகித வகையைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

### பெல்ட்டும் ரோலர்களும்

இடதுபுற மூடிக்குள் இருக்கும் இந்தப் பகுதியைத் திறக்கத் தனி உபகரணமும் பழக்கமும் தேவை. இதை முதல் ஆண்டில் மெக்கானிக்கிடம் விடுவதே விவேகம். ஆனால் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாத வண்டியில் அதை உடனே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் அறுந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. அது பெரும்பாலும் நட்ட நடுச்சாலையில்தான் நடக்கும்.

### கிளம்பாத வண்டிக்கு ஐந்து கேள்விகள்

மெக்கானிக்கை அழைக்குமுன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. பெட்ரோல் இருக்கிறதா? முள்ளை நம்பாமல், டாங்கைத் திறந்து பாருங்கள்.
2. பிரேக் பிடியை அழுத்திக்கொண்டு பட்டனை அழுத்துகிறீர்களா? பல வண்டிகள் அவ்விதமன்றிக் கிளம்பா.
3. ஹாரன் ஈனஸ்வரத்தில் ஒலிக்கிறதா? பேட்டரி வலுவிழந்திருக்கிறது, கிக்கரை உபயோகியுங்கள். ஓய்விலுள்ள நல்ல பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும்.
4. பிளக்கில் பொறி வருகிறதா? புதிய பிளக்கொன்றை மாற்றிப் பார்ப்பதே அபாயமில்லாத பரீட்சை.
5. காற்று வடிகட்டி அடைந்திருக்கிறதா?

மழைக்கால எச்சரிக்கை: நீரில் மூழ்கிய வண்டியை எக்காரணத்தாலும் உடனே கிளப்ப முயலாதீர்கள். நீரை அழுத்திச் சுருக்க முடியாததால் எஞ்சினுள் பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே மற்றவை.

### பழைய உதிரிபாகங்கள்

சென்னைவாசிகளுக்குப் புதுப்பேட்டை ஒரு பொக்கிஷம். ஆனால் பொக்கிஷத்திலும் எடுக்கத் தக்கவை, தகாதவை உண்டு. உடல் தகடுகள், மட்கார்டு, சீட்டு, டூம், கிக்கர் முதலியவற்றை அங்கே மலிவாகவும் தைரியமாகவும் வாங்கலாம். பிரேக் ஷூ, கேபிள், டயர், பேரிங், தலைக்கவசம் ஆகியவற்றை ஒருகாலும் பழையதாக வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள்.

## மூன்றாம் வேலை: மின்னச் செய்தல்

இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் வண்டி நிற்கிறது, ஓடுகிறது. இனி அலங்காரத்துக்குத் தடையில்லை. ஆனால் எல்லை உண்டு. பதிவுச் சான்றில் கண்ட அம்சங்களைத் தயாரிப்பாளர் அமைத்ததற்கு மாறாகத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

தாராளமாகச் செய்யலாம்: சீட்டு உறை, மிதியடி, பை மாட்டும் கொக்கி, பழைய நிறத்திலேயே புதிய வர்ணம், கைபேசி மின்னூட்டி. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் இவற்றுக்குப் பஞ்சமில்லை.

அனுமதி பெற்றுச் செய்யலாம்: நிறத்தை மாற்றுதல். முன் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் புதிய நிறத்தைக் குறிக்கச் செய்ய வேண்டும்.

செய்யவே கூடாது: சைலன்சரைத் துளைத்தல், கண்ணாடிகளையும் சேலைக் காப்பையும் கழற்றுதல், எதிர்வருகிறவர் கண்ணைக் குருடாக்கும் விளக்குகள், அலங்கார நம்பர் பலகை, மற்றும் நான் பொருத்தி அவமானப்பட்ட பல குரல் ஹாரன்.

### மின்னூட்டி பொருத்துகையில்

இவ்வண்டிகளின் பேட்டரி சிறியது. பலவற்றில் 3 அல்லது 4 ஆம்பியர்-மணிதான். 10 வாட் மின்னூட்டி 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். ஆகவே 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இணைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுங்கள். ஃபியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியில் முறுக்கிக் கட்டுவது தீயை அழைப்பதாகும்.

### வர்ணம் பூசும் வரிசை

1. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு தகட்டையும் கழற்றுமுன் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கொக்கிகள் இழுத்தால் ஒடியும். எந்தத் திசையில் நழுவுகின்றன என்று பார்த்து நகர்த்துங்கள்.
2. சோப்பு நீரில் பிசுக்குப் போகக் கழுவி உலர்த்துங்கள்.
3. துருவை 120 எண் உப்புத்தாளால் வெள்ளுலோகம் தெரியும்வரை தேய்த்து, பின்பு 400 எண்ணால் நீர்விட்டு இழையுங்கள். துருவின்மேல் பூசிய வர்ணம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.
4. பள்ளங்களில் பட்டியை மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.
5. பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாகத் தெளித்து, உலர்ந்தபின் 800 எண் தாளால் இழையுங்கள்.
6. 25 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் வீசியபடி, நிறத்தை மூன்று மெல்லிய பூச்சாகத் தெளியுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே 10 முதல் 15 நிமிஷம் விடுங்கள்.
7. இறுதியாகப் பளபளப்புப் பூச்சிட்டு, ஒருநாள் முழுவதும் தொடாதிருங்கள்.

முகமூடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பு அருகிலின்றிச் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் வர்ணம் வெளுத்துப் பூத்துவிடும். தைக்கு மேல் பூசுவதே சிலாக்கியம். ஒரே தடிமனான பூச்சில் முடித்துவிட ஆசைப்படுகிறவர் வழிந்த கண்ணீர்த் தாரைகளைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

## ஒரு நோட்டுப் புத்தகம்

சீட்டுக்கு அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வையுங்கள். ஆயில் மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், பிளக், பெல்ட், பிரேக் ஷூ, டயர், கொடுத்த தொகை ஆகியவற்றை அவ்வப்போது ஒரு வரியில் எழுதிவாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை காற்றையும் விளக்குகளையும், மாதத்துக்கு ஒருமுறை ஆயில் அளவையும் பிரேக் தளர்வையும் பார்ப்பதென்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான பழுதுகள் பழுதாகுமுன்பே உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

என்றேனும் ஒருநாள் இந்த வண்டியை நீங்களும் விற்பீர்கள். காலை வேளையில் யாரோ ஒருவர் வந்து, சைலன்சரருகே புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, மிதியடியைத் தூக்கத் தொடங்குவார். அப்போது மனம் நோகாமல், அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கும்வரை சாவகாசமாகக் காத்திருங்கள்.